ஃபோர்ட் ஹைஸ்கூல் பந்தல்: எந்தக் கச்சேரிக்கு எந்த நாற்காலி

சென்னைக்கு மார்கழி எப்படியோ, பெங்களூருக்கு ராமநவமி அப்படி. யுகாதி முடிந்த கையோடு ஊரில் ஆங்காங்கே பந்தக்கால் ஊன்றிவிடுவார்கள். அத்தனை பந்தலுக்கும் மூத்தது போல நிற்பது, சாமராஜபேட்டை ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்தில் ஸ்ரீ ராமசேவா மண்டலி போடுகிற பந்தல். 1939-இல் எஸ்.வி. நாராயணசுவாமி ராவ் தொடங்கியது. எம்.எஸ்., செம்மங்குடி காலம் முதல் யேசுதாஸ் வரை பெரிய பெயர்கள் உட்கார்ந்து பாடிய மேடை. இந்தப் பெருமையை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. டிக்கெட் வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டியது வேறு: இது சபா ஹால் இல்லை, பந்தல். பந்தலுக்குச் சுவர் கிடையாது. பாடகர் பெயரை மட்டும் பார்த்துக் கிளம்பி வந்தவர், 'சௌடையா ஹாலில் கேட்ட மாதிரி இல்லையே' என்று உதட்டைப் பிதுக்கினால், குறை பாட்டில் இருக்காது, அவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. அங்கே ஒரே நாளில் நாலு ஸ்லாட். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கச்சேரியைச் சுருட்டியாக வேண்டும், அடுத்தவர் பக்கவாட்டில் தம்புராவோடு நிற்பார். இங்கே மாலைக்கு ஒரு பெரிய கச்சேரி. ஆறரை வாக்கில் ஆரம்பித்தால் மூன்று மணி நேரம் இழுக்கலாம். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆகவே முன்பக்கம் தாராளம், பின்பக்கம் கறார். தாமதமாகத் தொடங்கினால் வெட்டு விழுவது கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடாவுக்குத்தான். தேவரநாமம் என்ற கன்னட பக்திப் பாட்டைக் கேட்கவென்றே வரும் உள்ளூர்க்காரர்களுக்கு அது பெரிய நஷ்டம். அருணாசலக் கவிராயர் பாட்டு ஏதாவது வராதா என்று காத்திருக்கும் தமிழ் ரசிகர்களுக்கும் அப்படியே. இந்தப் பாட்டு வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்புவதாக இருந்தால், தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு பாடகர் கண் கடிகாரத்தின் மேல் போய்விடும்.

இனி ஒலி. ஹாலில் சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். பின்வரிசைக்காரருக்குப் பாதிச் சங்கீதம் அப்படி வந்து சேருவதுதான். பந்தலில் போனது போனதுதான். தூரம் இரட்டித்தால் ஒலி ஆறு டெசிபெல் இறங்கும். இடையில் ஈடுகட்ட ஒன்றும் கிடையாது. துணிக் கூரையும் தொங்கும் ஜாலரும் மேல்ஸ்தாயியின் மினுமினுப்பைக் குடித்துவிடும். அதனால் குரல் நெருக்கமாக, கொஞ்சம் காய்ந்தாற்போல் கேட்கும். சில ஆபரேட்டர்கள் இந்த வறட்சியைப் போக்க ஒலியைக் கலக்கும் மிக்ஸரில் எக்கோவைத் தூக்கிவிடுவார்கள். அப்போது ஸ்வரத்தை அசைக்கும் கமகமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோடி காந்தாரத்தின் அசைவு எக்கோவில் கரைந்துபோனால், பாடகர் எவ்வளவு உழைத்தும் பயன் இல்லை. எக்கோ இல்லாத வறட்டு ஒலியே மேல். காது பத்து நிமிஷத்தில் பழகிவிடும்.

இன்னொரு சங்கடம், தாமதம். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அது பத்தில் ஒரு விநாடி கழித்து வரும். பக்கத்தில் நிற்கும் இரண்டாவது ஸ்பீக்கருக்கோ மின்சாரம் வழியே உடனே வந்துவிடும். அந்த ஸ்பீக்கரை அதே அளவு தாமதப்படுத்தி வைக்காவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை விழும். பத்தில் ஒரு விநாடி என்ன பெரிதா என்று தோன்றலாம். மிருதங்கம் மேல்காலத்தில் கோர்வை வாசிக்கும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். தகதிமி என்பது தததகதிதிமி என்று குழம்பும். பின்வரிசையில் தாளம் போடுகிறவர்கள் தங்கள் மேலேயே சந்தேகப்படுவது இதனால்தான். பாடகரின் கையைப் பார்த்துப் போடாமல் காதால் கேட்டுப் போடுங்கள், சரியாக வரும்.

எங்கே உட்காருவது? மிக்ஸர் மேஜை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் முன்னால். ஆபரேட்டர் தன் காதுக்கு நன்றாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவார்; அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். மேஜை பின்னால் வெகுதூரத்தில் இருந்தால் எட்டாவது வரிசையிலிருந்து பதினைந்தாவது வரை, நடுவில். முதல் மூன்று வரிசை கௌரவத்துக்கு நல்லது, காதுக்கு அல்ல. பெரிய ஸ்பீக்கரின் ஒலி தலைக்கு மேலே போய்விடும். உங்களுக்கு வருவது, கலைஞர்கள் தங்களைக் கேட்க வைத்திருக்கும் மேடை மானிட்டரின் மிச்சமும் மிருதங்கத்தின் நேரடி அடியும்தான். குரல் உள்ளடங்கி, மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பி மட்டும் நெஞ்சில் இடிக்கும். சாலைப் பக்கத்து ஓரம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கே.ஆர். மார்க்கெட் போகிற லாரியும் பஸ்ஸும் சுருதி பார்த்து ஹாரன் அடிப்பதில்லை.

முதல் அரை மணி நேரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. வர்ணமும் அடுத்த சின்னக் கிருதியும் ஆபரேட்டருக்கான ஒத்திகை மாதிரி. காலியான நாற்காலிகளை வைத்துப் பார்த்த ஒலி வேறு, ஜனம் நிறைந்தபின் வேறு. மனித உடம்பும் துணியும் மேல்ஸ்தாயிச் சத்தத்தை உறிஞ்சும். பாடகர் கட்டைவிரலை மேலே காட்டினால் 'பிரமாதம்' என்று அர்த்தம் இல்லை, மானிட்டரில் குரலை ஏற்று என்று அர்த்தம். ஏற்ற ஏற்ற அந்த மானிட்டரின் ஒலி மைக்கில் புகுந்து ஊளையிடும். ஊளை கிளம்பினால் வயலின்காரர் முகம் சுளிப்பார். காரணம் பெரும்பாலும் அவருடைய மானிட்டர் அல்ல, அடுத்தவருடையது.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று அந்தி. ஏப்ரலில் பெங்களூரில் சூரியன் மறைவது ஆறரை மணி வாக்கில், கச்சேரி தொடங்கும் அதே நேரம். பகலில் 34 டிகிரியைத் தொட்ட ஊர், அடுத்த இரண்டு மணி நேரத்தில் மளமளவென்று இறங்கும். காற்றில் ஈரப்பதம் ஏறும். குளிர்ந்தால் எஃகுக் கம்பி சுருங்கும். வயலினும் தம்புராவும் சுருதி ஏறும். ஈரம் ஏறினால் தோல் தளரும். மிருதங்கமும் தபலாவும் இறங்கும். ஒரே மேடையில் ஒருவர் மேலே போக, இன்னொருவர் கீழே போகிறார். நடுவில் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி மட்டும் அசையாமல் இருக்கும். இரண்டாவது பாட்டுக்கும் நாலாவது பாட்டுக்கும் இடையே மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கக் கல்லும் புள்ளும் (மரக்கட்டையும்) டொக் டொக் என்று தட்டுவதைப் பார்த்து அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உண்மையில் அந்த இடைவெளியில் நிதானமாகத் தட்டாத வித்வான் பேரில்தான் வருத்தப்பட வேண்டும். தொப்பியில் அப்பிய ரவையும் மேடை விளக்குச் சூட்டிலும் காற்றிலும் காய்ந்துபோகும். காய்ந்தால் கும்காரம் என்ற ஆழ்ந்த நாதம் போய் வெறும் 'டப்' மிஞ்சும். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அவ்வப்போது விரலால் தொட்டுத் தடவுகிறவரின் தனி ஆவர்த்தனத்தை நம்பி உட்காரலாம்.

கஞ்சிரா இன்னும் மோசம். உடும்புத்தோலுக்குத் தடை வந்தபின் ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் புழக்கத்தில் இருக்கின்றன. தோல் கஞ்சிராவை உள்பக்கம் தண்ணீர் தொட்டு இறக்கித்தான் வாசிக்க முடியும். திறந்தவெளிக் காற்றில் அது சீக்கிரம் காய்ந்து, கும்கி என்ற வளையும் கீழ்நாதம் கிறீச்சென்று ஏறிவிடும். கடம் மட்டும்தான் கவலையற்ற ஜீவன். சுட்ட மண்ணுக்கு அந்தி என்ன, பகல் என்ன. அதனாலேயே இந்தப் பந்தலில் கடம் இருக்கிற தனி ஆவர்த்தனம் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை. மைக்கை வாய்க்கு வெகு அருகில் வைத்துக் குமுறவிடாமல் இருந்தால் போதும்.

வகைவகையாகப் பார்த்தால், வாய்ப்பாட்டுக்கு இது முதல்தரமான இடம். நல்ல கனமான குரல் மூன்று மணி நேரம் ஓடினால் ஹாலில் கிடைக்காத ஒரு நிதானம் கிடைக்கும். ராகம் தானம் பல்லவியை அவசரமில்லாமல் விரிக்கிறவர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் பாடும் ஆண்குரலுக்குத் தக்குசுருதி மிருதங்கம், ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதிப் பெண்குரலுக்கு ஹெச்சுசுருதி மிருதங்கம். திறந்தவெளியில் கீழ்ச்சத்தம் எல்லாத் திசையிலும் சிதறிவிடுவதால் தக்குசுருதிக் கச்சேரிக்கு இரண்டு வரிசை முன்னால் தள்ளி உட்காருவது நல்லது. ராமநவமி என்பதால் தியாகராஜர் கிருதி நிறைய வரும். தொடர்ந்து நாலு நாள் போனால் நாலு நாளும் கரகரப்ரியா மாட்டக்கூடும். அதற்குப் பாடகரைக் கோபித்துப் பயனில்லை. ராமரைப் பற்றிய பெரிய உருப்படிகள் சில ராகங்களில் குவிந்து கிடக்கின்றன.

நாகஸ்வரக் கச்சேரி நிகழ்ச்சி நிரலில் இருந்தால் மற்றதை விட்டுவிட்டு அதற்குப் போங்கள். கோயில் வெளிப்பிரகாரத்துக்கும் வீதிக்கும் என்றே பிறந்த வாத்தியம். பந்தல் அதற்குத் தாய்வீடு. ஹாலில் காதைப் பிளக்கிற தவில் இங்கே இதமாக விழும். ஒரே நிபந்தனை, இருபது வரிசையாவது பின்னால். மைக்கைக் குறைத்து வைக்கச் சொல்லும் துணிச்சல் ஆபரேட்டருக்கு இருந்தால் அது பாக்கியம். வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணல் தட்டையில் செய்தது; உலர்ந்த காற்றில் வாய் ஈரம் காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். நடுவில் சீவாளி மாற்றுகிறார் என்றால் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம், சகஜம்.

புல்லாங்குழலுக்கு இங்கே இரண்டு பகை. ஒன்று, மைக்கில் அடிக்கும் காற்று. பஞ்சுறை போடாத மைக்கில் அது வண்டிச் சத்தம் போலப் படபடக்கும். இன்னொன்று குளிர். ஒரு டிகிரி இறங்கினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் குறையும். ஐந்து டிகிரி இறங்கினால் குழலின் சுருதி அரைஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு தாழும். கம்பி வாத்தியம் என்றால் முறுக்கிக்கொள்ளலாம், மூங்கிலை என்ன செய்வது? ஊதிக்கொண்டே இருந்தால் மூச்சுச் சூட்டில் குழல் ஈடு கொடுக்கும். ஆனால் வயலின் பத்து நிமிஷம் ஆலாபனை செய்யும்போது குழல் மடியில் ஆறிப்போய்விடும். மறுபடி எடுத்து வைக்கும் முதல் ஸ்வரம் கொஞ்சம் தணிந்தே நிற்கும். உதட்டைத் திருப்பிச் சரிசெய்வதில் கெட்டிக்காரர்கள் இரண்டாவது ஸ்வரத்துக்குள் மீண்டுவிடுவார்கள். இதைக் கவனித்துக் கேட்பது தனி ருசி.

வீணைக்கு இந்தப் பந்தலை சிபாரிசு செய்யத் தயக்கம்தான். வீணையின் 24 மெட்டுகளும் (கம்பியை அழுத்தும் உலோகப் பட்டைகள்) மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. மதியம் முழுக்க வெயிலில் காய்ந்த மேடையில் வைத்தால் மெழுகு இளகி மெட்டு மெல்ல நகரும். அதற்குப் பிறகு எந்தக் கம்பியை எப்படி முறுக்கினாலும் அந்த ஸ்வரம் பேசாது. விஷயம் தெரிந்தவர்கள் வாத்தியத்தைக் கடைசி நிமிஷம் வரை நிழலில், பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். அடுத்தது ஒலி. வீணையின் நாதம் மெல்லியது, மீட்டியபின் நீளும் கார்வையில்தான் அதன் உயிர். அதைச் சுவரில்லாத வெளியில் ஐந்நூறு பேருக்குக் கொண்டுசேர்க்க வீணையின் உடம்பில் ஒட்டும் பிக்கப் என்ற ஒலிவாங்கியைப் போட்டால் கிட்டார் மாதிரி ஆகிவிடுகிறது. வெறும் மைக் போட்டால் மிருதங்கம் அதில் புகுந்துகொள்கிறது. கொட்டாங்கச்சி போல வறண்ட மீட்டு மட்டும் காதில் விழுந்தால் முதல் பாட்டிலேயே முன்வரிசைப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். வீணைக்கு மட்டும் முன்வரிசை சரி. நேரடி ஒலியில் கொஞ்சமாவது கார்வை கேட்கும்.

ஹிந்துஸ்தானி இங்கே விருந்தாளி அல்ல. கர்நாடகத்தின் வடபாதி தார்வாடு, ஹுப்பள்ளிப் பக்கம் ஹிந்துஸ்தானி பூமி. பீம்சேன் ஜோஷியும் கங்குபாய் ஹானகலும் மல்லிகார்ஜுன் மன்சூரும் வந்த மண். தமிழ் ரசிகர்கள் பலர் 'அது நமக்கு எட்டாது' என்று அந்த மாலைகளைத் தவிர்க்கிறார்கள். உண்மையில் இந்தப் பந்தலின் நேரமும் அமைப்பும் அந்தச் சங்கீதத்துக்கு எடுத்துவைத்தாற்போல இருக்கிறது. வெளிச்சம் மங்கும் வேளைக்கென்றே மார்வா, பூரியா, பூரியா தனாஸ்ரீ இருக்கின்றன. ஏசி ஹாலுக்குள் உட்கார்ந்து பூரியா தனாஸ்ரீ கேட்பதும், பந்தலின் ஓரத்தில் வானம் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்பதும் ஒன்றல்ல. மிக மெதுவான விளம்பித ஏக்தாளத்தில் பன்னிரண்டு மாத்திரைச் சுற்று ஒன்று ஒரு நிமிஷத்தை நெருங்கும். கர்நாடக சங்கீதக் காதோடு ஒவ்வொரு மாத்திரையையும் எண்ண வேண்டாம். தபலா 'ஸம்' (சுற்றின் முதல் அடி) விழும் இடத்தை மட்டும் எதிர்பாருங்கள். ஒன்பது மணிக்கு பாகேஸ்ரீயோ பிஹாகோ வரும். தர்பாரி, மால்கௌன்ஸ் போன்ற பின்னிரவு ராகங்களை அவற்றின் நேரத்தில் கேட்கும் பாக்கியம் பத்துமணி விதியால் இல்லை. ஹிந்துஸ்தானி மாலைக்குச் சரியாக ஆறரைக்கே போய் உட்காருங்கள். ஏழரைக்கு வந்தால் அந்தி ராகமும் போச்சு, ஆலாப்பும் போச்சு.

சரோட், சித்தார், சந்தூர் இவற்றுக்குப் பொறுமை வேண்டும். சரோடின் வயிறு ஆட்டுத்தோல், மேலே எஃகுக் கம்பி. அந்தியில் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்டு பிடிக்கும். சித்தாருக்கு அடியில் பதினொன்றோ பதின்மூன்றோ தரப்புக் கம்பிகள், தானாக அதிர்பவை. சந்தூருக்கு நூறை ஒட்டிய கம்பிகள், ஒவ்வொன்றும் குளிருக்குத் தன் இஷ்டப்படி ஏறும். சுருதி சேர்க்கும் நேரம் சில சமயம் ஒரு கிருதி நேரம் ஆகும். அந்த நேரத்தில் போய் காபி குடிக்கலாம் என்று நினைக்கக்கூடாது. எந்த ஸ்வரங்களைத் தட்டிப் பார்க்கிறார் என்று கேட்டால் அடுத்த ராகம் எது என்று யூகித்துவிடலாம்.

ஜுகல்பந்தி பற்றி ஒரு வரி. கர்நாடக, ஹிந்துஸ்தானிக் கலைஞர்கள் சேரும்போது ஹம்ஸத்வனி, ஆபேரி–பீம்பலாஸ், மோகனம்–பூப் என்று பொதுவான ராகங்களிலேயே சுற்றுவார்கள். கடைசியில் மிருதங்கமும் தபலாவும் மோதும் இடத்துக்குத்தான் கைத்தட்டல். கூட்டம் அதிகம், சங்கீதம் சுமார்.

பெரிய நட்சத்திரப் பாடகர் வரும் மாலைகளில் கணக்கே வேறு. நாற்காலி பற்றிச் சொன்ன யோசனை எல்லாம் அன்று செல்லாது. இடம் கிடைத்தால் உட்கார வேண்டியதுதான். சீசன் டிக்கெட் வாங்குகிறவர்கள் அந்த இரண்டு மூன்று மாலைகளுக்காகவே வாங்குகிறார்கள். தினசரி டிக்கெட் போதும் என்பவர்கள் வாரநாளில் வரும் நடுத்தரப் புகழ்க் கலைஞர்களைக் குறிவைக்கலாம். நாற்காலி தாராளம், பாட்டுக்கும் குறைவிருக்காது. மாலைக் கச்சேரிக்கு முன்னால் இளம் கலைஞர்கள் பாடுவது இருந்தால் அதுவும் வீண்போகாது. வெயில் இறங்காத நேரம் என்பதால் பனைவிசிறி கொண்டுபோங்கள்.

மழை. ஏப்ரலில் மாங்காய் மழை சொல்லாமல் வரும். நாலு மணிக்கு வானம் கறுத்தால் ஏழு மணிக்குள் ஒரு ஆட்டம் ஆடிவிடும். கூரை தகரமாக இருந்து அதில் மழை விழத் தொடங்கினால் எந்த ஸ்பீக்கராலும் மீட்க முடியாது. பாடகர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். கூரை துணி என்றால் தண்ணீர் குட்டையாகத் தேங்கி, கம்பத்தைத் தட்டும்போது ஓரத்து வரிசைமேல் கொட்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே ஒரு தடவை பாருங்கள். மழை விட்டபின் முதல் பத்து நிமிஷம் மிருதங்கம் சொன்னபடி கேட்காது. குடை, கொசு மருந்து, தண்ணீர், நாற்காலிக்கு ஒரு சின்ன மெத்தை இந்த நாலும் போதும். மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் பல்லவி வரும்போது முதுகு தனியாக ஆவர்த்தனம் பண்ணும்.

கார் எடுத்து வர வேண்டாம். கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றி மாலையில் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் வர்ணம் முடிந்துவிடும். மெட்ரோவில் பச்சை வழித்தடம், கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் நிலையம். அல்சூர், இந்திராநகரிலிருந்து வருகிறவர்கள் ஊதா வழித்தடத்தில் மெஜஸ்டிக் வந்து, சில்க் இன்ஸ்டிட்யூட் பக்கம் போகும் வண்டிக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம். ஸ்ரீராமபுரம், மல்லேஸ்வரம் ஆட்களுக்கு மாறவே வேண்டாம், நேரடி வண்டி. நிலையத்திலிருந்து கோட்டை வெங்கடரமணர் கோயில், திப்பு கோடை அரண்மனை தாண்டி நடந்துவிடலாம்.

ராமநவமியன்று பானகம், நீர்மோர், கோசம்பரி எங்கும் கிடைக்கும். பானகத்தில் சுக்கு தூக்கலாக இருந்தால் பாடுகிறவர்களுக்கு நல்லது, கேட்கிறவர்களுக்குத் தும்மல். மற்ற நாட்களில் போவதற்கு முன்பே சங்கரபுரம் பக்கம் இட்லி, காபியை முடித்துக்கொண்டு வருவது உத்தமம். கச்சேரிக்குப் பின் பசித்தால் வி.வி. புரம் தின்பண்டத் தெரு அந்த நேரத்திலும் கலகலப்பாக இருக்கும், ஆட்டோவில் சில நிமிஷம்தான். மங்களம் பாடத் தொடங்கியவுடன் எழுந்து ஓடுகிற கூட்டத்தில் சேராதீர்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் வாசல் நெரிசலும் குறையும், மார்க்கெட் நிலையத்தில் கடைசி வண்டிக்கு முன்னால் வண்டிகளும் இருக்கும்.